மிலெம்பே திருப்பிக் கொடுத்த காளை

மிலெம்பே திமிர் பிடித்தவள் என்று ஊரில் பேசுகிறார்கள். கைக்கு வந்த காளையை உதறிய பைத்தியக்காரி என்றும் சொல்கிறார்கள். பேசுகிறவர்களில் பாதிப் பேர் போட்டியன்று மைதானத்தின் பக்கம்கூட வரவில்லை. அவள் பாடியபோது பெரிய மேளம் அடித்தவன் நான். நடந்ததை நான் சொல்கிறேன்.

மகு சந்தையில் கருவாடு விற்கிறவள் அவள். அரை ஏக்கர் பருத்தியும் உண்டு. தங்கச் சுரங்க வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். நாலு வருஷம் கழித்து வாசலில் வந்து நின்றவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள், திரும்பிப் போகிற பேருந்துக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அவ்வளவுதான் அவள் குடும்பக் கதை. மற்ற நேரமெல்லாம் எங்கள் மண்வெட்டி ஆட்டக் குழுவில் பதில்பாட்டு பாடிக்கொண்டிருந்தாள், பதினாறு வருஷமாக.

எங்கள் சுகுமா நாட்டில் ஆட்டக்காரர்கள் இரண்டு கட்சி. நாங்கள் பகாலு, எதிரிகள் பகிகா. பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து அறுவடை முடிந்ததும் மோதுகிறோம். இரண்டு குழுவும் ஒரே மைதானத்தில், ஒரே நேரத்தில், எதிரெதிரே ஆட வேண்டும். நடுவர் கிடையாது. ஜனங்கள் பிடித்த பக்கம் போய் நிற்பார்கள். பொழுது சாயும்போது எந்தப் பக்கம் கூட்டம் அதிகமோ அந்தப் பக்கம் ஜெயித்தது. கூட்டத்தை இழுக்க என்ன தந்திரம் வேண்டுமானாலும் செய்யலாம்.

அந்த வருஷம் எங்கள் தலைமைப் பாடகன் பேருந்து ஓட்டப்போகிறேன் என்று தார்-எஸ்-ஸலாமுக்குக் கிளம்பிவிட்டான். நான் பாடுகிறேன் என்றாள் மிலெம்பே. குழுவே குதித்தது. பெண்பிள்ளை முன்னால் நின்று பாடினால் எவன் ஆடுவான் என்று அதிகமாகக் கத்தியது நான்தான். அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. கடைசியில் செயலாளர் ஷிஜா ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரே ஒரு தடவை பாடு. ஜெயிச்சா நீதான் தலைவி. தோத்தா பின்வரிசைக்குப் போயிடணும். அப்புறம் ஆயுசுக்கும் இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது."

சரி என்றாள். யோசிக்கக்கூட இல்லை.

போட்டி நாளில் போய்ப் பார்த்தால் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், நாற்காலி, மைக். நகரத்திலிருந்து ஓர் அதிகாரி மூன்று நடுவர்களோடு வந்து இறங்கியிருந்தார். ஒரே நேரத்தில் இரண்டு குழு ஆடினால் காது கிழிகிறதாம், ஒன்றும் விளங்கவில்லையாம். அதனால் ஒருவர் முடித்த பிறகு மற்றவர், ஆளுக்கு இருபது நிமிஷம், நூற்றுக்கு மார்க். காது கிழியத்தானே ஐயா இவ்வளவு தூரம் நடந்து வருகிறோம். யாரிடம் சொல்ல?

முதலில் பகிகா ஆடியது. அவர்களின் பாடகர் லுகெம்பே, தொப்பையும் கணீர்க் குரலுமாக முப்பது வருஷமாய் மைதானத்தை ஆள்கிறவர். பிறகு நாங்கள். நடுவர்கள் எதையோ எழுதினார்கள், கூட்டினார்கள். நாலு மார்க் வித்தியாசத்தில் பகாலு வெற்றி என்று அறிவித்தார்கள். பரிசுக் காளையின் கயிறு மிலெம்பே கைக்கு வந்தது. ஷிஜாவே குதித்து ஆடினார். சரி, இனி இவள்தான் தலைவி என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அவள் கயிற்றோடு மைக் பக்கம் போனாள்.

"ஐயா, நாங்க இன்னும் போட்டியே போடலை. லுகெம்பே ஆடினப்ப நான் உக்காந்து கடலை தின்னேன். நான் ஆடினப்ப அவரு அந்த மரத்தடியில தூங்கினாரு. ஒண்டியா மல்லுக்கட்டி ஜெயிச்சவன்னு யாராவது உண்டா?"

அதிகாரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. பரிசை வாங்கிக்கொண்டு இறங்காவிட்டால் குழுவின் பெயரையே போட்டிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன் என்றார்.

"எடுத்துக்கங்க. எங்க மார்க்கு அந்தா வெயில்ல நிக்குது" என்று ஜனங்களைக் காட்டினாள்.

நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். "கிறுக்கு பிடிச்சிருச்சா உனக்கு? இப்ப தோத்தா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும்ணே. மேளத்தை எடுங்க."

பழைய முறைப்படி ஆடி ஜெயிக்கிற பக்கத்துக்கு என்று சொல்லிக் காளையை மைதானத்தின் நடுவில் ஒரு கம்பத்தில் கட்டினாள். எதிரே லுகெம்பே வயிறு குலுங்கச் சிரித்தார். வீட்டுக்கு நடக்க இருந்த மாட்டை விட்டுவிட்டாயே, பிறகு அழக்கூடாது தங்கச்சி என்றார். நீங்கள் அழாமல் இருந்தால் சரி என்றாள் இவள்.

இரண்டு பக்க மேளமும் ஒன்றாக எழுந்தது பாருங்கள், அப்போதுதான் எனக்குக் கையில் ரத்தமே ஓடியது. முதல் ஒரு மணி நேரம் கூட்டம் எங்கள் பக்கம்தான். பையன்கள் மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுப் பிடிக்க, மிலெம்பே லுகெம்பேயின் தொப்பையைப் பாடினாள், அதிகாரியின் கண்ணாடியைப் பாடினாள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாவி மனுஷன் லுகெம்பே அதற்குப் பிறகு கூடையைத் திறந்து மலைப்பாம்பை எடுத்தார். கழுத்தில் சுற்றி, அதன் தலையை வாய்க்குள் வைத்துக்கொண்டு ஆடினார். கூட்டம் மொத்தமாக அந்தப் பக்கம் சாய்ந்தது. எங்களிடம் மிஞ்சியது நாற்பது பேர். அந்த நாற்பது பேருக்கும் அவள் குரலைக் குறைக்கவில்லை. பொழுது சாயும்வரை பாடினாள்.

தோற்றோம். கயிற்றை அவளே அவிழ்த்து லுகெம்பே கையில் கொடுத்தாள். அந்த மனுஷன் அப்போது சிரிக்கவில்லை. தலையிலிருந்த இறகுக் கிரீடத்தைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பும் வழியில் வாயை மூடிக்கொண்டு வருவாள் என்றுதான் நினைத்தோம். அவளோ தன் தோல்வியையே பாட்டாகக் கட்டினாள். பாம்புக்கு வாய் இருந்தும் பாடவில்லை, எனக்குப் பல் இருந்தும் கடிக்கத் தெரியவில்லை என்று நடந்துகொண்டே பாடினாள். வீட்டுக்குப் போகவேண்டிய ஜனங்கள் ஒவ்வொருவராக எங்கள் பின்னால் வர ஆரம்பித்தார்கள். பகிகாக்காரர்கள்கூட வந்தார்கள்.

ஷிஜாவுக்குப் பொறுக்கவில்லை. நடுரோட்டில் நிறுத்தினார்.

"பேச்சு பேச்சா இருக்கணும் மிலெம்பே. பின்வரிசைக்குப் போ."

"போறேண்ணே. நான் வாக்கு மாற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய் நின்றாள்.

இனி யாராவது பாடுங்கள் என்றார் ஷிஜா. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பின்னால் வந்த கூட்டம் ஏன் நின்றுவிட்டீர்கள் என்று சத்தம் போட்டது. நான் மேளத்தில் ஓர் அடி அடித்தேன். தெரிந்தேதான் அடித்தேன். மிலெம்பே பின்வரிசையை விட்டு ஓர் அடி நகராமல், நின்ற இடத்திலிருந்தே பாட்டை எடுத்தாள்.

பதில் பாட நாங்கள் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினோம். ஷிஜா மட்டும் ஊரைப் பார்த்தபடி முன்னால் தனியாக நின்றார். அவள் நடக்க நடக்க, நாங்கள் அவள் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே அடி வைத்தோம். பெரிய மேளத்தைக் கட்டிக்கொண்டு ஊர்வரை அப்படி நடப்பது லேசான காரியமில்லை. நான் நடந்தேன்.