செஃபலூ போனவர்களின் பட்டியல்

இந்த இத்தாலி நாட்டில் கடற்கரை மணலில் குந்துவதற்கும் முன்கூட்டியே பெயர் கொடுக்கவேண்டும். குடை எத்தனை, கதிரை எத்தனை என்று கேட்பார்கள். ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் உண்மை. செங்கலடியிலிருந்து பாசிக்குடாக் கடலுக்குப் போவதென்றால் உழவு மெசின் பெட்டியில் ஏறினவர்கள் எல்லாரும் வருவார்கள். ஏறாதவர்களையும் வழியில் கூப்பிட்டு ஏற்றுவோம். பலெர்மோவிலிருந்து செஃபலூக் கடலுக்கு ஒருநாள் போய்வர நாங்கள் வாகனம் பிடித்தபோது, பட்டியல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் ரபீக் காக்கா குடும்பத்தை எழுதினேன். ஏறாவூர் முஸ்லிம், எங்கள் மேல்மாடியில் குடியிருப்பவர். நான் வந்திறங்கிய காலத்தில் ஐந்து மாதம் தன் வீட்டில் வைத்திருந்தவர். நோன்பு துறந்தபின் சஹன் என்கிற பெரிய தட்டில் சோற்றைக் குவித்து நடுவில் வைப்பார்கள். காக்காவும் பிள்ளைகளும் நானும் அதில் ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுவோம். அவரிடம் பயணத்தைச் சொல்லியும் விட்டேன்.

"அவங்களும் வாறாங்களா?" பட்டியலைப் பார்த்த ஒருவர் கேட்டார். "எங்கட ஆக்கள் மட்டும் எண்டுதானே கதைச்ச?" மற்றவர்கள் வாகனக் காசைப்பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். நான் பட்டியலை மடித்துப் பையில் வைத்தேன். வீட்டுக்கு வந்து நான்கு பெயர்களை வெட்டினேன். காக்காவிடம் போய்ச் சொல்லத் துணிவு வரவில்லை.

போகிற நாள் காலையில் அவரே படியிறங்கி வந்தார். மீன்சந்தையில் வேலை செய்பவர். கையில் வெட்டிக் கழுவிய மீன்.

"தம்பி, எத்தின மணிக்கு வெளிக்கிடுற? புள்ளைகள் குளிக்கிற உடுப்போட நிக்குதுகள்."

"எங்கட சமையல் உங்களுக்குச் சரிவராது காக்கா."

"எத்தின நாள் உன்ட வீட்டில திண்டிருக்கன்? ஹலால் இல்லாத இறைச்சிதானே சரிவராது. அதான் மீன் கொண்டந்தன்."

"இடமும் இல்ல."

அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"ஓ... சரி தம்பி. மீன வெச்சிக்கங்க. பத்திரமாப் போயிட்டு வாங்க."

சீ, நானும் ஒரு மனிசனா! செங்கலடிக்கும் ஏறாவூருக்கும் இடையில் சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடல் கடந்து சுமந்துவந்து ஒரே மாடிப்படியில் போட்டவன் நான். வழியெல்லாம் என்னை நானே ஏசிக்கொண்டு வந்தேன். வாகனத்தைத் திருப்பச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

செஃபலூவில் கடற்கரைக்குப் பொறுப்பான இத்தாலிக்காரன் எங்கள் எல்லாரையும் ஒரே வீட்டார் என்று நினைத்துவிட்டான். "குடும்பம் முழுக்க வந்தாச்சா?" என்று தன் மொழியில் சிரித்தபடி கேட்டான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

தலையாட்டினேன். அவன் கயிற்றை அவிழ்த்து எங்களை உள்ளே விட்டான்.