மேஸ்திரிக்கு மட்டும் சோறு

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் பதினாறு வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற கன்னியப்பனை, முதலாளி முக்தார் அகமது சாயபு 1927இல் மேஸ்திரி ஆக்கினார். அன்றைக்கே கன்னியப்பன் ஒரு முடிவெடுத்தான். இனி கேழ்வரகுக் களியைத் தொடுவதில்லை. களி, கூலிக்காரன் தின்பது. மேஸ்திரிக்கு மிஷினில் தீட்டிய அரிசிச் சோறு, மல்லிகைப்பூ மாதிரி வெளேரென்று, மேலே தெளிவான ரசம். களியோடு கீரையும் பயறும்கூட அவன் தட்டைவிட்டுப் போயின. மனைவி அமிர்தவள்ளியும் மகளும் பழையபடி களியே தின்றார்கள். ஆம்பளைக்கு உசத்தி, மற்றவர்களுக்கு இருப்பது. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அந்தப் பெருமைக்கு ஒன்பது மாதம்தான் ஆயுசு. முதலில் பாதம் எரிந்தது, பிறகு மரத்தது. ஒருநாள் ஷாப்பில் ஆணி ஏறியது, ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. உணர்ச்சியில்லாத கால் என்றால் பெருநோய், குஷ்டம். அந்தப் பக்கத்தில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலை போகும், வீடு போகும், ஊருக்கு வெளியே ஒரு குடிசைதான் மிஞ்சும். யாரிடமும் மூச்சு விடவில்லை. தனியாகச் சாப்பிட்டான், தள்ளிப் படுத்தான், மகள் பக்கத்தில் வந்தால் எரிந்து விழுந்தான். மேஸ்திரியானதும் தலைக்கனம் வந்துவிட்டது என்று அமிர்தவள்ளி நினைத்தாள். அது பாதி உண்மையும்கூட.

நடையே தள்ளாடியபோது, குடியாத்தம் போவதாகப் பொய் சொல்லிவிட்டு வேலூருக்கு ரயிலேறினான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் தோலை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். கெண்டைக்காலை அழுத்தினார்; அலறினான்.

“வீட்ல வேற யாருக்காச்சும் இப்படி இருக்கா?”

“இல்லீங்கம்மா. பொஞ்சாதியும் பொண்ணும் நல்லா இருக்காங்க.”

“எல்லாருக்கும் ஒரே சாப்பாடுதானே?”

அந்த நிலையிலும் கன்னியப்பனுக்கு முதுகு நிமிர்ந்தது. “அது எப்படிங்க? அவுங்க கேவுரு களி திம்பாங்க. மேஸ்திரி எனக்கு மட்டும் மிஷின் அரிசி. அதயும் அஞ்சு தண்ணி கழுவி, கஞ்சிய வடிச்சிதான் போடுவா.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “இது பெருநோய் இல்லப்பா, பெரிபெரி. அரிசியோட சத்து தவிட்டுல இருக்கு. மிஷின் அதத் தீட்டி எடுத்துடுது, மிச்சத்த உங்க வீட்ல கழுவி ஊத்திட்டாங்க. பொஞ்சாதி திங்கறதயே நீயும் தின்னு. கால் மெதுவா சரியாயிடும்.”

“பெருநோய் இல்லீங்களா?” என்று மூன்று தரம் கேட்டான். மூன்று தரமும் இல்லை என்றார். வராந்தாவுக்கு வந்து ஊர் பார்க்க அழுதான். அப்படியொரு நிம்மதி.

சாயங்காலம் அமிர்தவள்ளி களி கிண்டிக்கொண்டிருந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னான்.

“அதனாலதான் தள்ளிப் படுத்தியா?”

“ஆமா. ஒனக்கும் கொழந்தைக்கும் தொத்திக்கப்போவுதுன்னு…”

“என்னாண்ட சொல்றதுக்கு இன்னா? ஊருக்கு வெளிய போவணும்னா நானும் மூட்டையக் கட்டிக்கினு வந்திருக்க மாட்டேனா? எங்கூடக் குந்தித் திங்க ஒனக்கு வெக்கம்னு நெனச்சி இத்தினி மாசமா அழுதுக்கினு இருந்தேன்.”

அவள் ஒரே தட்டில் களியை உருட்டிப் போட்டு, கீரைக் குழம்பை ஊற்றி நடுவில் தள்ளினாள். மகளையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

“இன்னா பாக்கற? தின்னு. இனிமே களியானாலும் மூணு பேருக்கு, சோறானாலும் மூணு பேருக்கு.”