படத்தில் நான் விட்டுவிட்ட வீடு

எழுபதுகளில் ஏலப்பாறை தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தேன். லேபர் கிளப் சுவரில், திருச்செந்தூர் பக்கமுள்ள எங்கள் கடலோரத் தெருவை வரைந்தேன். சுண்ணாம்பு அடித்த வீடுகள், ஒரே கோட்டில் கூரைகள், எங்கள் வீட்டு முகப்பில் காலை வெயில். எல்லாரும் பாராட்டினார்கள்.

அதே தெருக்காரனும் ஃபேக்டரியில் என்னோடு வேலை பார்ப்பவனுமான முருகேசன் மட்டும் பாராட்டவில்லை.

"ஒங்க வீட்டுக்கு முன்னால நின்ன எங்க வீடு எங்கல?"

"கோடு கெடுதுன்னு விட்டுட்டேன்."

"மொதல்ல கடல் எடுத்துச்சு. இப்ப நீ எடுத்துட்ட."

அதற்குப் பிறகு, நான் டீக்கடைக்குள் நுழைந்தால் அவன் பாதி கிளாஸோடு எழுந்து போவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீம்பை விட்டு அவன் வீட்டையும் வரைந்தேன். அதன் நிழல் எங்கள் முகப்பு முழுக்க விழுந்தது. கோடு என்று சொன்னது பொய். சின்ன வயதிலிருந்தே அந்த நிழல்மேல் எனக்கு ஆத்திரம். அந்த வீடு முன்னால் நின்று அலையை வாங்கியதால்தான் எங்கள் வீடு தப்பியது என்பதை நினைக்கக்கூட இல்லை.

முருகேசன் வந்து பார்த்தான்.

"சன்னல் ரெண்டு. ஒண்ணுதான் போட்டிருக்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இருபது வருடம் அந்த வீட்டின் நிழலைத்தான் பார்த்திருக்கிறேன். இன்னொரு சன்னல் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவனிடம் கேட்கும் முகமும் எனக்கு இல்லை.