சகாதேவன் மிதிக்காத வரப்பு

மரக்காணம் உப்பளத்தில், "உன்னை மேஸ்திரி ஆக்கியது யார்?" என்று கேட்டால், சகாதேவன் தன் கண்களைத்தான் காட்டுவான். "பார்த்தாலே தெரியும்பா" என்பது அவன் மந்திரம். உப்பு விளைந்ததா, பாத்தி இறுகியதா, எல்லாவற்றுக்கும் இடுப்பில் கைவைத்து ஒரு பார்வை. அது பாதி நேரம் பொய்த்துப்போகும். அப்போது தப்பு உப்பின்மேல் இருக்கும், அல்லது வேலைக்கு வந்த பெண்களின்மேல்.

மழை முடிந்து வரப்புகளைச் சேற்றால் கட்டியதும், ஆட்கள் ஏறி ஓரத்தைக் குதிகாலால் மிதித்துப் பார்ப்பது அந்த அளத்து வழக்கம். உள்ளே ஈரம் இருந்தால் சேறு பக்கவாட்டில் பிதுங்கும், பிரித்துக் கட்டுவார்கள். இவன் மேஸ்திரி ஆனதும் முதல் வேலையாக அதை நிறுத்தினான். வேலை வீணாகிறதாம். அதைச் சொல்லியே முதலாளியிடம் நல்ல பெயரும் வாங்கிக்கொண்டான்.

போன வருஷம், தன் கண்ணால் பாஸ் செய்த வரப்பில் தானே கால் வைத்தான். ஓரம் சரிந்தது, கணுக்கால் திருகி முறிந்தது. தூக்கிவிட ஓடிவந்த, சேறு சுமக்கும் தெய்வநாயகியைத்தான் முதலில் அதட்டினான்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். விழித்தபடி படுத்திருந்தவனுக்கு ஒரே பயம்தான். கால் சரியாக நிற்காவிட்டால் மேஸ்திரி வேலை அளத்துக் கூலியாள் நடராசனுக்குப் போய்விடும். எல்லார் முன்னாலும் தான் மட்டம் தட்டிவந்த அதே நடராசனுக்கு.

டாக்டர் லிடியா உடைந்த எலும்பில் தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கினார். எக்ஸ்ரே திரையில் எலும்பு நேராகத் தெரிந்தது.

"சூப்பரா இருக்குதே டாக்டர். தையல் போட்டுடுங்க," என்றான் சகாதேவன்.

"பார்த்தா அப்படித்தாங்க தெரியும். கணுக்காலுக்கு மேல ரெண்டு எலும்பையும் சேர்த்துப் புடிச்சிருக்கிற ஜவ்வு தாங்குதான்னு இழுத்துப் பார்க்கணும்," என்றார் அவர். வெளிப்பக்க எலும்பில் ஒரு கொக்கியை மாட்டி இழுத்தார். ஒட்டியிருந்த எலும்புகள் திரையில் விலகின.

"ஜவ்வு கிழிஞ்சிருக்குது. இப்படியே தைச்சிருந்தா நடக்க நடக்க மூட்டு தேஞ்சிருக்கும்."

இரண்டு எலும்பையும் சேர்த்து இன்னொரு ஸ்க்ரூ போட்டு, மறுபடி இழுத்தார். இப்போது விலகவில்லை.

கால் பிழைத்தது. நடக்க ஆரம்பித்ததும் நம்ம ஆள் டீக்கடையில் சொன்னது இது: "அந்தம்மா முதல்ல சரியா போடலப்பா. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்ல, அதான் இன்னொரு ஸ்க்ரூ போட்டாங்க." இப்படியும் ஒரு ஜென்மம்.

இந்த வருஷமும் வரப்பு கட்டி முடிந்தது. முதலாளி வந்திருந்தார். சகாதேவன் இடுப்பில் கைவைத்துப் பார்த்தான்.

"கல்லு மாதிரி இருக்குது. தெய்வநாயகி, நீ முன்னால ஏறிப் போ."

ஆபரேஷன் மேஜையில் அவன் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்: முதலில் வேறு யாராவது ஏற வேண்டும்.

தெய்வநாயகி சேற்றுக்கூடையைக் கீழே வைத்தாள். "கல்லு மாதிரி இருக்குதுன்னா நீங்களே ஏறி மிதிங்க மேஸ்திரி."

எல்லாரும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சகாதேவன் ஸ்க்ரூ போட்ட காலைத் தூக்கினான். தூக்கிய இடத்திலேயே திரும்ப வைத்தான்.

"வெயில் ஜாஸ்தியா இருக்குது. அப்புறம் பார்க்கலாம்."

உப்பளத்தில் வெயிலைச் சாக்குச் சொன்ன முதல் மேஸ்திரி இவன்தான்.

"நடராசா, நீ ஏறி மிதிப்பா," என்றார் முதலாளி.

நடராசன் ஏறி ஓரத்தில் குதிகாலை ஊன்றினான். சேறு பிதுங்கியது.

"பிரிச்சுக் கட்டலாமா?" என்று தெய்வநாயகி கேட்டாள். நடராசனைப் பார்த்துக் கேட்டாள்.