வீடுகளை இவிசாவுக்கு அனுப்பியவள்

வடகோடிப் பனிக்கடல் ஓரத்துச் சிற்றூரான நுவாலுவுக்கு நீதிமன்றம் விமானத்தில்தான் வரும். நீதிபதி, அரசு வக்கீல், எதிர்த்தரப்பு வக்கீல், குமாஸ்தா எல்லோரும் ஒரே விமானத்தில் வந்து இறங்கி, ஊர்க்கூடத்தில் மேசை போட்டு உட்காருவார்கள். முந்தின நாள் சனங்கள் பிங்கோ என்கிற எண் விளையாட்டை ஆடிய அதே மேசைகள்தான். லீட்டியா உகாலிக் முதன்முதலில் அந்த மேசைகளுக்கு நடுவே போய் நின்றது வக்கீலாக அல்ல, மொழிபெயர்ப்பவளாக. ஊர்ப் பாஷை, ஆங்கிலம் இரண்டும் தடங்கலில்லாமல் பேசுவாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அன்றைக்கு ஊர்க்காரர் நுதாரக்கின் வழக்கு. அனுமதி இல்லாமல் பனிக்கரடியைச் சுட்டுவிட்டார் என்று குற்றச்சாட்டு. குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா என்று நீதிபதி கேட்டார். லீட்டியாவுக்குச் சட்டென்று வார்த்தை வரவில்லை. அவள் பாஷையில் குற்றவாளி என்பதற்கு நேரான சொல் கிடையாது. யோசித்துப் பார்த்து, "சுட்டது நீங்கதானா?" என்று கேட்டாள்.

"பின்ன யாரு? நான்தான் சுட்டேன். கூடாரத்துக்குள்ள தலைய விட்டுச்சே" என்றார் நுதாரக்.

இரண்டாவது பாதியையும் அவள் மொழிபெயர்த்தாள். ஆனால் முதல் பாதியிலேயே நீதிபதியின் பேனா ஓடத் தொடங்கிவிட்டது. நுதாரக்குக்காக வந்த எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஏதோ சொல்லிப் பார்த்தார். அவரும் அன்று காலையில்தான் நுதாரக்கின் முகத்தைப் பார்த்தவர். அபராதம் போட்டார்கள், துப்பாக்கியைப் பறித்துக்கொண்டார்கள்.

நுதாரக்குக்கு அவள் மேல் கோபமில்லை. அவருடைய அம்மா இறந்த வருஷம் பிறந்தவள் லீட்டியா. அந்த அம்மாவின் பெயரைத்தான் இவளுக்கு வைத்தார்கள். அதனால் ஊர் வழக்கப்படி இவள் அவருக்கு அம்மா, அவர் இவளுக்கு மகன். தொட்டில் பருவத்திலிருந்து அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். வழக்கு முடிந்த பிறகு, "எங்கம்மா கேட்டா, நான் பதில் சொன்னேன், துப்பாக்கி போச்சு" என்று அவர் கடைவாசலில் நின்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஊரும் சிரித்தது. லீட்டியாவால் மட்டும் சிரிக்க முடியவில்லை. கேள்வியை மாற்றிக் கேட்கும் இடத்தில் தான் நிற்கவில்லையே என்பது அவள் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

தலைநகரில் சட்டம் சொல்லிக்கொடுக்கத் தெற்கிலிருந்து பேராசிரியர்கள் வந்து தங்கியபோது அவள் மனுப் போட்டாள். அப்போது அவளுக்குக் கைக்குழந்தை வேறு. கணவன் சாலமோனி அதிகம் பேசாதவன், வேட்டைக்காரன். நீ படி, புள்ளைங்கள நான் பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டுக் குடும்பத்தையே தலைநகருக்குக் கிளப்பிக்கொண்டு வந்தான். அங்கே கடல்நாய் வேட்டைக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அவனுக்குப் பிடிபடுவதற்கே ஒரு குளிர்காலம் போயிற்று. அதற்காக அவன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

வக்கீலான பிறகு லீட்டியா அதே விமானத்தில் ஊர் ஊராகப் போனாள். முந்தின நாளே போய் இறங்கிவிடுவாள். கட்சிக்காரன் வீட்டில் தரையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே, நடந்ததை முதலிலிருந்து கேட்பாள். அப்படிப் போன வீடுகளில்தான் அவள் வேறொன்றைப் பார்த்தாள். அடிதடி வழக்கோ குடித்துவிட்டுச் சண்டை போட்ட வழக்கோ, எதைத் தோண்டினாலும் அடியில் ஒரே சங்கதி கிடந்தது. மூன்று தலைமுறை ஒரே கூரைக்குள். படுக்க இடமில்லை, கோபம் வந்தால் ஒதுங்க ஒரு அறை இல்லை.

நுவாலுவின் சட்டமன்ற உறுப்பினர் வயதாகி விலகியபோது ஊர் இவளைப் பிடித்துத் தள்ளியது. கட்சியும் கொடியும் இல்லாத தேர்தல். வீட்டுக்கு வீடு ஏறி இறங்கினாள், ஜெயித்தாள். அந்தச் சபையில் முதல்வரையும் மந்திரிகளையும் உறுப்பினர்களே வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். வேண்டாம் என்றால் அவர்களே இறக்கியும் விடுவார்கள். வக்கீலாயிற்றே, நீதித்துறைதான் கிடைக்கும் என்று அவள் நினைத்திருக்க, முதல்வர் வீட்டுவசதித் துறையைத் தூக்கிக் கொடுத்தார். எவரும் விரும்பி வாங்காத துறை. வீடு கிடைத்தவன் மறந்துவிடுவான், கிடைக்காதவன் மறக்கமாட்டான்.

அக்கா நயோமிக்கு மட்டும் தலைகால் புரியவில்லை. அவள் வீட்டில் இரண்டு மகன்களும் மருமகள்களும் பேரப்பிள்ளைகளும் கூடத்தில் மெத்தை விரித்துப் படுத்தார்கள். அடுத்த கோடையில் வீடு கட்டும் சாமான்கள் நுவாலுவுக்கு வரும் முறை. கடல் உருகிக் கப்பல் வருகிற அந்தக் கொஞ்ச நாளை விட்டால் மறுபடி ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். பெரிய மருமகள் திரைச்சீலைத் துணிகூட வாங்கி வைத்துவிட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் இவிசா என்ற இன்னொரு ஊரில் காசநோய் பரவியது. லீட்டியா போய்ப் பார்த்தாள். ஒரு வீட்டில் பகலில் ஒரு கூட்டமும் இரவில் ஒரு கூட்டமுமாக முறைவைத்துத் தூங்கினார்கள். சுவரில் கருப்பாகப் பூஞ்சணம் ஏறியிருந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குழந்தையை முதுகுப்பையில் சுமந்தபடி இருமிக்கொண்டிருந்தாள். இருமும்போதெல்லாம் குழந்தையின் தலையும் சேர்ந்து குலுங்கியது. மாத்திரை கொடுக்கிறோம், ஆனால் அதே அறைக்குத்தானே திரும்பிப் போகிறார்கள் என்றாள் மருத்துவமனைத் தாதி.

திரும்பும் விமானத்தில் லீட்டியா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். தலைநகரில் இறங்கும்போது முடிவு செய்துவிட்டாள். மந்திரிசபையில் பேசி, அந்தக் கோடையின் கப்பலை இவிசாவுக்கு மாற்றினாள். அறிவிக்கும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது மந்திரிசபையின் கட்டுப்பாடு. அவள் சொல்லவில்லை. நயோமி அந்தச் செய்தியைக் காலை வானொலியில், ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கையில் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் தங்கையின் தொலைபேசியை எடுக்கவில்லை. லீட்டியா ஊருக்கு வந்து கதவைத் தட்டியபோது மருமகள் திறந்து, அத்தை தூங்குகிறார்கள் என்றாள். உள்ளே நயோமி தையல் இயந்திரத்தை ஓட்டும் சத்தம் நன்றாகக் கேட்டது.

ஊர் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போக லீட்டியாவுக்கு மனமில்லை. நேரே ஊர் வானொலிக்குப் போய், யார் வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று உட்கார்ந்தாள். அது வானொலியில் பிங்கோ எண்களை வாசிக்கும் சாயங்காலம். பிங்கோவை நிறுத்திவிட்டு மந்திரியை உட்கார வைத்ததற்கே முதல் வசவு விழுந்தது. அடுத்து ஒரு பெண் கூப்பிட்டாள். "நான் மந்திரியோட பேச வரல. எங்க வெள்ளை நாய் அவுத்துக்கிட்டுப் போயிடுச்சு. பாத்தவங்க கட்டிப் போடுங்க." நிலையத்தை நடத்தும் ரேச்சலி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்புறம் வந்தவர்கள் நாயைப் பற்றிப் பேசவில்லை. உனக்கு ஓட்டுப் போட்டது நாங்களா இவிசாக்காரர்களா என்றார்கள். தலைநகரில் உனக்குப் பெரிய வீடு இருக்கிறதல்லவா என்றார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் அக்காவின் குரல் வருமோ என்று காத்திருந்தாள். வரவில்லை. வந்தது நுதாரக்.

"எங்கம்மா, நான் பேசுறேன்."

"சொல்லு மகனே."

"பெத்த புள்ளைக்கு இல்லன்னுட்டு அடுத்த வீட்டுப் புள்ளைக்கு எடுத்துக் குடுத்திட்டியாமே?"

"அடுத்த வீட்டுப் புள்ளைக்கு மூச்சு முட்டுது மகனே. நான் பாத்துட்டு வந்தேன்."

அவர் வீட்டுக் கெண்டியில் தண்ணீர் கொதிப்பது வானொலியில் கேட்டது.

"முட்டுனா குடுக்க வேண்டியதுதான். எங்கிட்ட கேட்டிருந்தா நானே குடுன்னு சொல்லியிருப்பேன். இந்த ஊர்ல பாதிப் பேரு சொல்லியிருப்பாங்க. நீ கேக்கலையே."

வக்கீலாகப் பேசுவதென்றால் அவளுக்கு நூறு பதில் இருந்தது. மந்திரிசபை ரகசியம், சட்டம், கட்டுப்பாடு. அத்தனையும் நாக்கு நுனி வரை வந்தன. அவள் ஒலிவாங்கியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"கேக்கல. அது தப்புதான். வீடு குடுத்தது தப்பில்ல."

"சரி. நான் ஒண்ணைத்தான் கேட்டேன். நீ ரெண்டுக்கும் சொல்லிட்ட" என்று அவர் தொலைபேசியை வைத்தார்.

வசந்தகாலக் கூட்டத்தில் அவளைப் பதவியிலிருந்து நீக்கத் தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் அடுத்த முறைக்குக் காத்திருந்த ஊரின் உறுப்பினர். நல்ல மனுஷர்தான். இன்றைக்கு நுவாலுவின் முறை மாறியது, நாளைக்கு எங்கள் முறையும் மாறாது என்று யார் உறுதி சொல்வார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி என்று லீட்டியாவுக்கே பட்டது. எழுந்து பேசியபோது முறை என்பது எல்லோரும் நலமாக இருக்கிற வருஷத்துக்கு என்றாள். ஊரைக் கேட்காமல் செய்ததையும் ஒளிக்காமல் சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் பிழைத்திருப்பாய் என்று முதல்வர் பிற்பாடு வருத்தப்பட்டார். கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் ஜெயித்தது. அவள் தன் கோப்புகளை எடுத்துக்கொண்டு மந்திரிகள் வரிசையிலிருந்து எதிர் வரிசைக்கு நடந்து போய் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலிக்காரர் அவளுக்கு இடம்விட்டுத் தள்ளி உட்கார்ந்து, ஒரு மிட்டாயை நீட்டினார். வாங்கிக்கொண்டாள்.

கப்பலை யாரும் திருப்பவில்லை. புதிதாக வந்த மந்திரியும் இவிசாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. வெயில் காலத்தில் சாமான்கள் அங்கே இறங்கின, பனி கொட்டுவதற்கு முன் சுவர்கள் எழும்பின.

கப்பல் வருவதற்கு முன்பே, அந்த வசந்தகாலக் கூட்டத்தொடர் முடிந்து லீட்டியா நுவாலுவுக்கு வந்து இறங்கியபோது, ஓடுபாதை ஓரத்தில், முன்னதாகவே ஊர் திரும்பியிருந்த சாலமோனியின் பனிவண்டிக்குப் பக்கத்தில் இன்னொரு வண்டி நின்றது. அதன்மேல் நயோமி உட்கார்ந்திருந்தாள்.

"வேலை போச்சாமே."

"போச்சுக்கா."

"மந்திரியோட பேசமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன். இப்ப நீ மந்திரி இல்லல்ல?"

"இல்ல."

"அப்ப ஏறு. அந்த மனுஷன் வண்டி ஓட்டுனா இடுப்பு ஒடிஞ்சிடும்."

சாலமோனி அவள் பெட்டியை மட்டும் எடுத்துத் தன் வண்டியில் கட்டிக்கொண்டான்.

நயோமி வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். வீட்டைப் பற்றியல்ல. வானொலியில் கேட்க வேண்டியதாயிற்றே, ஒரு வார்த்தை ரகசியமாகச் சொல்லியிருந்தால் நான் வாயைத் திறப்பேனா என்றுதான். திறப்பாள் என்பது இருவருக்கும் தெரியும். இஞ்சின் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. லீட்டியா அக்காவின் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விழுந்த பாதிக்கு ம் கொட்டினாள்.

மறு வருஷக் கோடையில் நுவாலுவின் கப்பல் வந்தது, வீடுகள் எழும்பின. திறப்பு விழாவுக்கு மந்திரியின் விமானம் மூடுபனியில் இறங்க முடியாமல் திரும்பிப் போக, சனங்கள் விழாவுக்குக் காத்திராமல் குடியேறிவிட்டார்கள். லீட்டியா அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. பழையபடி வக்கீலாக, நீதிமன்றத்துக்கு ஒருநாள் முன்னதாகப் போய் இறங்கினாள். இவிசாவில் அவளை வீட்டில் தங்கவைக்கப் போட்டி நடந்தது; அவர்கள்மேல் வழக்கு ஏதும் இல்லாவிட்டாலும் கூப்பிட்டார்கள்.

நயோமியின் பெரிய மகன் வீட்டில் முதல் விருந்துக்கு எல்லோரும் போனார்கள். கூடத்தில் அட்டையை விரித்து அப்படியே பச்சையாகச் சாப்பிட உறைந்த கரிபு மான் தொடையை வைத்தார்கள். நுதாரக் காலை நீட்டி உட்கார்ந்து, தன் அம்மாவுக்குக் கொழுப்பான துண்டாகப் பார்த்து வெட்டச் சொன்னார். நயோமி கத்தியை எடுத்தாள். தொடை வழுக்கியது.

"வேடிக்கை பாக்காம அந்தப் பக்கம் புடி" என்றாள் தங்கையிடம். லீட்டியா முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.