ஜீப்பை முந்திய கோழி

சென்ற வாரம் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கப் பாலக்காட்டுக்குப் பஸ்ஸில் போனேன். சித்தூர் தாண்டியதும் ஓர் அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடியில் கூடை, கூடையின் மேல் துண்டு. துண்டு தானாக அசைந்தது. பிறகு அதன் ஓரத்திலிருந்து ஒரு கோழித்தலை வெளியே வந்து ஒற்றைக் கண்ணால் என்னை ஆராய்ந்தது. ஈர இறகின் வாசனையும் டீசல் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்குச் சிரிப்புப் பீறிட்டது. இந்த வயதில் அப்படிச் சிரிப்பது ஆபத்து. இருமல் வந்து, கண்ணாடி நழுவி, கண்டக்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டும்படி ஆயிற்று.

"ஏனுங்க, இதுக்கு முன்னால கோழியப் பாத்ததே இல்லீங்களா?" என்றார் அந்த அம்மாள்.

"பாத்திருக்கேனுங்க. ஒரே கோழிய ஒரே நாள்ல நாலு ஸ்டாப்புல பாத்திருக்கேன்."

அவர் ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். அவரிடம் சொல்ல முடியாமல் போனதை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் நகர மாட்டீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

எழுபதுகளின் நடுவில், கேரள எல்லைக்குள் தமிழ் பேசுகிற கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பஸ் கம்பெனியில் கிளார்க்காக இருந்தேன். கம்பெனி என்றால் இரண்டு பஸ், ஒரு தகரக் கொட்டகை, ஒரு முதலாளி. கந்தசாமி முதலாளிக்குக் கடலைக்காய்க் காடும் கரும்புத் தோட்டமும் இருந்தன. ஆனால் அவருடைய உயிர் இரண்டு இடத்தில்தான் இருந்தது: ரேக்ளா பந்தயக் காளைகள் ஒன்று, பஸ் மற்றொன்று. நான் பாலக்காட்டில் பி.ஏ. படித்தவன். அதனால் எனக்குப் பெயர் கிடையாது. "ஏப்பா பி.ஏ." என்றுதான் கூப்பிடுவார். மலையாளத்தில் மனு எழுதுவதும், எழுதிய மனுவை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டுவதும், அவர் திட்டுவதை மரியாதையான மலையாளத்தில் மாற்றி எழுதுவதும் என் வேலை.

அந்தக் காலத்துப் பஸ் ஏற்பாட்டை இன்றைய ஆட்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எல்லா ரோட்டிலும் ஓட்டச் சர்க்காரிடம் பஸ் இல்லை. ஆகவே இன்ன வழியில் நீ ஓட்டிக்கொள் என்று தனியாருக்குப் பெர்மிட் கொடுக்கும். வழி சர்க்காருடையது. புறப்படும் நேரம், டிக்கெட் விலை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சலுகை எல்லாம் சர்க்கார் சொன்னபடி. பஸ்ஸும் டயரும் டிரைவரின் முன்கோபமும் மட்டும் முதலாளியுடையவை. பந்தலும் சாப்பாடும் நம்முடையது, முகூர்த்தம் மட்டும் சம்பந்தி குறிப்பது என்கிற கல்யாணம் மாதிரி. அந்த முகூர்த்தத்துக்காக நடக்கிற சண்டை இருக்கிறதே! முன்னால் போகிற பஸ்ஸுக்கும் பின்னால் வருகிற பஸ்ஸுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் கூடக் கொடுத்தால், பின்னதற்கு ஆள் அதிகம் சேரும்; அண்ணன் தம்பி ஆனாலும் பேச்சு வார்த்தை நின்றுபோகும்.

முதலாளி ஏரியைச் சுற்றிச் சித்தூர் போகிற ஒரு புது வழிக்கு மனுப் போட்டார். பக்கத்து ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த எதிர்க் கம்பெனி உடனே ஆட்சேபம் போட்டது. 'அந்த வழியில் ஏறுவதற்கு ஆளே இல்லை' என்று. ஆள் உண்டா இல்லையா என்று நேரில் பார்க்க ஓர் இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது.

உண்மையில் ஆள் இருந்தார்கள். ஆனால் காட்டு வேலை நாளில் யார் ரோட்டில் வந்து வரிசையாக நிற்பார்கள்? முதலாளி மீசையைத் தடவினார். "ஏப்பா பி.ஏ., ஆளுக இல்லீன்னா என்ன, நிக்க வெச்சாப் போச்சு."

நிற்க வைக்க ஆள் தேடி நாவல்பள்ளம் போனோம். மெயின் ரோட்டிலிருந்து நாலு மைல் உள்ளே, மண் பாதையின் முடிவில் ஒரு சின்ன ஊர். அங்கே எந்தக் காரியமும் தங்கமணி அக்காவைக் கேட்டுத்தான் நடக்கும். முப்பது வயதிருக்கும். அவர் புருஷன் பனை ஏறி விழுந்து கால் போனவர். சித்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் அக்காவுக்கு வார்டு ஆயா வேலை சொல்லியிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். புருஷனை விட்டுவிட்டுச் சித்தூரில் தங்க முடியாது. விடிவதற்கு முன்னால் பனங்காட்டு வழியே நாலு மைல் நடந்தால்தான் ரோடே வரும்.

"கூட்டமா வந்து நிக்கறோமுங்க முதலாளி. ஆனா பஸ்ஸு எங்கூருக்குள்ள வந்து திரும்போணும். அதுக்கு வாக்குக் குடுங்க" என்றார் அக்கா.

"குடுத்தாச்சு போ" என்றார் முதலாளி. "ஏப்பா, மனுவுல எழுதிக்க." எழுதினேன். 'நாவல்பள்ளம் வழியாக.' என் கையெழுத்து அழகாக இருக்கும்.

திட்டம் என்னுடையது. அதில் எனக்கு இன்றும் கொஞ்சம் பெருமை உண்டு, அதுவும் சேர்ந்துதான் இந்த வெட்கம். ரோடு ஏரியை வளைத்துச் சுற்றுகிறது. வண்டிப் பாதையோ கரை மேல் நேராக வெட்டுகிறது. முதல் ஸ்டாப்பில் நின்ற கூட்டம், ஜீப் தாண்டியதும் முதலாளியின் ரேக்ளா வண்டிகளில் தொற்றிக்கொண்டு அடுத்த ஸ்டாப்புக்குப் பறந்துவிட வேண்டும். வழிகாட்டுகிறவனாக நான் ஜீப்பில் இருந்து, இளநீர், நுங்கு, தண்ணீர்ப் பந்தல் என்று எதையாவது காட்டித் தாமதம் செய்ய வேண்டும்.

அன்று ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெரியுமல்லவா, வேட்டி கட்டியவன் இரண்டு கையையும் வேட்டிக்கே கொடுத்துவிட வேண்டும். இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், மலையாளி, நமக்குப் புரிகிற மாதிரித் தமிழ் கலந்து பேசுவார். முதல் ஸ்டாப்பில் பார்த்தால் திருவிழா. தங்கமணி அக்கா கையிடுக்கில் கோழியோடு முன்னால் நின்றார்.

"எவிடெ போகணும்?"

"சந்தைக்குங்க. பஸ்ஸில்லாம சீரழியறோமுங்க."

நான் அக்காவின் காதில், "கோழி எதுக்கு அக்கா?" என்றேன். "ஊருல ஒரு ஆளில்ல தம்பி, எல்லாரையும் கூட்டியாந்துட்டேன். முட்டை வெக்கிற கோழி, உட்டுட்டு வந்தா கீரி தூக்கீட்டுப் போயிராது?"

இரண்டாம் ஸ்டாப்பில் அக்கா தலையில் முக்காடு, சேலை வேறு, மகள் மாதிரி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர். கோழி கூடைக்குள். அவருடைய புருஷன் கட்டிலோடு வந்து ஆஸ்பத்திரி போகும் நோயாளியாக முனகினார். அவர் முனகலில் பொய் இல்லை. ரேக்ளா வண்டியில் வந்தவர் முனகாமல் என்ன செய்வார்? இன்ஸ்பெக்டர் நுங்கு தின்றார், குறித்துக்கொண்டார்.

மூன்றாம் ஸ்டாப்பில் அக்கா நிறைமாதக் கர்ப்பிணி. நான் அவசரமாகச் சுற்றிலும் பார்த்தேன். கூடையைக் காணோம்.

"எத்ர மாசமாயி?" என்றார் இன்ஸ்பெக்டர் அக்கறையாக.

அக்கா வாயைத் திறப்பதற்குள் வயிறு பதில் சொன்னது: "கொக்... கொக்கொக்."

பின்னால் நின்ற ஒருவன் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. "சுகப்பிரசவம் ஆகட்டெ" என்று வாழ்த்திவிட்டு ஜீப்பில் ஏறினார்.

இதுவரை எல்லாம் தமாஷ். அடுத்தது நாவல்பள்ளத்துக்கு மண் பாதை பிரிகிற பிரிவு. மழைக்குப் பின் அந்த மண் பாதை வண்டித் தடம் விழுந்து குதறிக் கிடந்தது. இதில் ஜீப் வராது, வந்தாலும் இன்ஸ்பெக்டர் இடுப்பு தாங்காது என்று நான் அக்காவிடம் சத்தியம் செய்திருந்தேன். அதை நம்பித்தான் அக்கா ஊரையே காலி செய்துகொண்டு வந்தார்.

இன்ஸ்பெக்டர் மனுவைப் புரட்டினார். "நாவல்பள்ளம்னு ஒரு ஸ்தலம் எழுதியிருக்கல்லோ. வா, போயிப் பாக்கலாம்."

நான் இளநீர் என்றேன். "மதியெடோ, போதும், வயறு நிறைஞ்ஞு" என்றார்.

போனோம். வீடுகள் சாத்திக் கிடந்தன. அடுப்பில் புகை இல்லை. ஒரு நாய் குரைக்கவில்லை. நாய்களும் ரேக்ளா வண்டிகளுக்குப் பின்னால் ஓடிப்போயிருந்தன. இன்ஸ்பெக்டர் ஊரை ஒரு சுற்று நடந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். திரும்பிக் கடைசி ஸ்டாப்புக்கு வந்தால் மறுபடி அதே ஜனசமுத்திரம். களைத்துப் போயிருந்த கோழி அக்காவின் பிடியிலிருந்து குதித்து, நேராக வந்து ஜீப்பின் நிழலில் உட்கார்ந்துகொண்டது.

"எடோ, நம்மளக்காட்டி முன்னே வந்து எத்தியல்லோ இது! ஈ கோழிக்கும் ஒரு பாஸ் கொடுக்கணம்" என்று அந்த மனிதர் அப்போதுதான் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு. கூட்டமே சேர்ந்து சிரித்தது. நானும்.

கொஞ்ச நாளில் பெர்மிட் வந்தது. வழி கிடைத்தது, நேரம் கிடைத்தது. நாவல்பள்ளம் மட்டும் அடித்திருந்தது. நான் பதறி இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்கு ஓடினேன்.

இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "ஆளுகள் ஓடி ஓடி வந்தது எனக்குத் தெரியும். ஆனா பஸ் வேணுமின்னு இத்தர ஓடுந்நவர்க்குப் பஸ் ஆவசியம் உண்டு. அதுகொண்டு எழுதிக் கொடுத்தேன். பக்ஷே நாவல்பள்ளம்? பொய்யாளு கூட நிக்காத்த இடமல்லே அது? அப்போ சத்தியமாயிட்டும் அங்க யாருமில்லான்னுதானே?" பிறகு பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "இனி நீ சொல்லு. ஆளுண்டோ? உண்டுன்னா எழுதறேன்."

ஓடி ஓடி வந்தவர்கள் எல்லாரும் அந்த ஊர்தான் சார் என்று ஒரே ஒரு வாக்கியம். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் நடந்தது அத்தனையும் என் வாயால் பதிவாகிவிடும். எதிர்க் கம்பெனி சும்மா விடாது, பெர்மிட்டே போய்விடலாம். அன்று சாயங்காலம் புது பஸ்ஸுக்குப் பூஜை. எனக்கு மேனேஜர் நாற்காலி தருவதாக முதலாளி சொல்லியிருந்தார், மெத்தை வைத்தது.

"இல்ல சார்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். அந்தச் சத்தம் சின்னச் சத்தம்தான்.

பூஜைக்கு நாவல்பள்ளமே வந்திருந்தது. பொரிகடலை, தேங்காய், டயருக்கடியில் எலுமிச்சம்பழம். தங்கமணி அக்கா பஸ்ஸின் முகப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கூருக்குள்ள எப்பத் தம்பி வரும்?" என்றார். "மேல எழுதியிருக்கமக்கா, வந்துரும்" என்றேன். நான் எதுவும் எழுதவில்லை. என்ன எழுதுவது?

அக்கா வேலையில் சேர்ந்தார். கையில் டார்ச்சோடு இருட்டில் நாலு மைல் நடந்து வந்து பிரிவில் எங்கள் பஸ்ஸைப் பிடிப்பார். வருகிற போதெல்லாம் ஏதாவது வேடிக்கை சொல்லிக் கண்டக்டரைச் சிரிக்க வைப்பார். மழை வலுத்தது. இரண்டு மூன்று நாள் பஸ் போன பிறகு வந்து சேர்ந்தார். பிறகு புருஷனுக்குக் காய்ச்சல். வேலை வேறொருவருக்குப் போயிற்று.

அதோடு நின்றிருந்தால்கூட நான் ஒருவாறு மறந்திருப்பேன். முதலாளி ஒருநாள் கொட்டகையில் பத்துப் பேருக்கு நடுவில், நான் அவரிடம் மட்டும் சொல்லியிருந்ததைத் தமாஷாகச் சொல்லிவிட்டார். "நம்ம பி.ஏ. லேசுப்பட்ட ஆளில்ல. நாவல்பள்ளத்துல ஆளே இல்லீன்னு சொல்லியில்ல பெர்மிட்டக் காப்பாத்துனான்!" நாவல்பள்ளத்துக்காரர் ஒருவர் அங்கே உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பிரிவுக்குப் பக்கத்தில் அக்கா கோழிக்கூடையோடு சந்தைக்கு நடந்துகொண்டிருந்தார். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, நானே படியில் இறங்கி, "ஏறுங்கக்கா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபம் இல்லாத சிரிப்பு, அதுதான் தொல்லை.

"நீங்க போங்க தம்பி. ஆளில்லாத ஊருல இருந்து யாரு வந்து ஏறுவாங்க?"

அதற்குப் பிறகு எங்கள் பஸ்ஸில் அவர் ஏறவே இல்லை. எத்தனையோ முறை நிறுத்தினோம். கண்டக்டரிடம், "கோழி வேணும்னா ஏத்திக்க கண்ணு, அதுக்குத்தான் பாஸ் உண்டு" என்பாராம். நான் மேனேஜர் நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்திருந்தேன். மெத்தை நன்றாகவே இருந்தது.

பாலக்காட்டிலிருந்து திரும்பும்போது, சொட்டு மருந்துப் பொட்டலத்தோடு, அந்தப் பிரிவில் இறங்கினேன். முதலாளி போய்விட்டார். கம்பெனி கைமாறி, பெர்மிட் கைமாறி, தகரக் கொட்டகை இருந்த இடம் கல்யாண மண்டபம். ஏரிக்கரை வண்டிப் பாதையில் கம்பி வேலி. ரேக்ளாக் காளையின் சலங்கைச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று. ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டு நாவல்பள்ளம் என்றேன். ஆட்டோக்காரப் பையனுக்குத் தெரியவில்லை, நான்தான் வழி சொன்னேன்.

தார் ரோடு அருமையாகப் போட்டிருக்கிறார்கள். ஆட்டோ ஒரு குலுக்கல் குலுக்கவில்லை. ஊரில் சுவர்கள் நின்றன, ஓடுகள் இல்லை. பஸ் வராத ஊரில் பெண் கொடுக்க யோசித்தார்களாம். ஒவ்வொரு குடும்பமாகக் கோயமுத்தூருக்கும் மெயின் ரோட்டுக்கும் போய்விட்டது. அக்கா கடைசிவரை அங்கேயே இருந்து போய்ச் சேர்ந்தார் என்று பிரிவில் இருந்த டீக்கடையில் சொன்னார்கள். நான் கிணற்றை எட்டிப் பார்த்தேன். காற்று வேட்டியை இழுத்தது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

ஆட்டோக்காரப் பையன் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். "யாரப் பாக்கோணுமுங்க? இங்க ஆளே இல்லீங்களே."

"இருந்தாங்கப்பா" என்றேன்.