முந்நூறு பர்பியும் இரண்டு சிறுநீரகங்களும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தண்டனையை இரட்டிப்பாக்கச் சொன்னது நான்தான். எனக்கு நாற்பத்து மூன்று வயது. ஆயர் குரோ என்ற ஊரில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். வீட்டில் குழாய் ஒழுகினால் ஆள் கூப்பிடுகிறவன். அப்படிப்பட்டவன் நான்கு பேர் முன்னால் நெஞ்சைத் தட்டி, "நூத்தம்பதுலாம் என்னா, முந்நூறு போடுறேன்" என்றேன். நீங்கள் இப்போது கையில் ஊசியோடு மருத்துவமனைக் கட்டிலில் படுத்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், ஆறுதல் கொள்ளுங்கள். உங்களைவிடப் பெரிய மடையன் உயிரோடு இருக்கிறான்.

தடை ஓட்டம் என்று ஒரு போட்டி. சேற்றிலும் மேட்டிலும் பல கிலோமீட்டர் ஓட வேண்டும். நடுவில் சுவர் ஏற வேண்டும், கயிறு பிடிக்க வேண்டும், மணல் மூட்டை சுமக்க வேண்டும். ஓடுகிறவனின் நுரையீரலும் தூக்குகிறவனின் தோளும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். அதனால் லூபோக் சீனா பக்கம் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் காலையில் ஓட்டம், மாலையில் புக்கிட் பெருவாங் ஜிம்மில் எடைப் பயிற்சி. எங்கள் கேப்டன் கணேசன் என்னைவிடப் பத்து வயது இளையவன். அவன் வைத்த சட்டம் இது: பயிற்சிக்கு வராத ஒவ்வொரு நாளுக்கும் முப்பது பர்பி. பர்பி என்றால் தரையில் நெஞ்சு படும்படி விழுந்து, எழுந்து, குதிப்பது. காய்ச்சல், கல்யாணம், சாவு எதைச் சொன்னாலும் அவனுக்கு அது சாக்கு.

எனக்கு அந்த வருஷம் காவடி நேர்த்தி. இருபத்தொரு நாள் விரதம், ஒரு வேளை மரக்கறிச் சாப்பாடு. அதோடு இரண்டு பயிற்சியையும் விடவில்லை. இரண்டு ஆள் உழைப்பு, அரை ஆள் சாப்பாடு. கடைசி ஐந்து நாள் மட்டும் கோயில் வேலையால் போக முடியவில்லை. கொளுத்தும் வெயிலில் காவடி எடுத்து, மறுநாளே பயிற்சிக்குப் போய் நின்றேன்.

"அஞ்சு நாளு அண்ணே, நூத்தம்பது" என்றான் கணேசன்.

"மலை மேல காவடி தூக்கிட்டு வந்தவன்டா நான்!" என்று ஆரம்பித்ததுதான் மேலே சொன்ன வீரவசனத்தில் முடிந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு முந்நூறையும் போட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவன் வீடியோ எடுத்தான். அதில் நான் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் இன்றும் அறையலாம் போலிருக்கிறது.

மறுநாள் கையை மடக்க முடியவில்லை. சட்டைப் பொத்தான் போட மனைவி செல்வியைக் கூப்பிட்டேன். தொடை பலகை மாதிரி இருந்தது. வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். அதற்கடுத்த நாள் சிறுநீர் கெட்டித் தே-ஓ (பால் ஊற்றாத தேநீர்) நிறத்தில் வந்தது. நான் என்ன செய்தேன்? குழுவின் வாட்ஸ்அப்பில், "நம்ம வீட்ல தே-ஓ ஃப்ரீ, வரீங்களா?" என்று எழுதினேன். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. "தண்ணி குடிங்க அண்ணே" என்றான் கணேசன். இன்னும் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சிறுநீரே வரவில்லை. அப்போதுதான் செல்வி காரை எடுத்தாள். வழியெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டே ஓட்டினாள். அவள் ஹார்னைத் தொட்டால் விஷயம் பெரியது என்று இருபது வருஷத்தில் கற்றிருக்கிறேன்.

ராப்டோமயோலிசிஸ் (தசை நார்கள் சிதைந்து, உள்ளிருப்பதெல்லாம் ரத்தத்தில் கலப்பது) என்றார் டாக்டர். யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண்மணி; ஒரு சொல் போதுமான இடத்தில் இரண்டு சொல்ல மாட்டார். கலந்த கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிட்டது. வலி மாத்திரை மிச்சத்தைக் கெடுத்தது. பொட்டாசியம் (இதயத் துடிப்பை நடத்தும் உப்பு, கூடினால் துடிப்பையே நிறுத்தும்) ஏறியிருந்தது. டயாலிசிஸ் (இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) உடனே வேண்டும்.

"எத்தன நாளைக்கு டாக்டர்?" என்று செல்வி கேட்டாள்.

"கிட்னி தூங்குது. எழும்பலாம். எழும்பாமலும் போகலாம்."

எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. பயம் அதற்கப்புறம்தான். கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அடியில் ஒரு கரண்டி அளவு தேங்கியிருக்கும். தாதி வந்து அதையும் அளந்து எழுதிக்கொண்டு போவார்.

பார்க்க வந்தவர்கள் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றினார்கள். "விரதத்துல ஏதோ குத்தம் வந்திருக்கும்" என்றார் பெரியம்மா. "பெரியம்மா, முருகன் காவடிதான் கேட்டாரு. முந்நூறு பர்பி கேட்டது இந்த வாயி" என்றேன். அவர் விபூதியை என் வாயிலேயே பூசிவிட்டுப் போனார்.

மருத்துவமனையில் நான்காம் நாள் கணேசன் ஒரு பெட்டி விளையாட்டுப் பானத்தோடு வந்தான்.

"ரேஸுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்குலா அண்ணே. மெதுவா வந்துரலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி எழுந்தாள். "அதுல பொட்டாசியம் இருக்கு. இவர் குடிச்சா நெஞ்சு நின்னுரும். பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்புங்க தம்பி."

அவன் போனான். அவன்மேல் எனக்கிருந்த ஆத்திரத்தில் பாதி என்மேல் உள்ளது என்று தெரியும். தெரிந்தும் குறையவில்லை. ஓய்வு எடுப்பவனைக் கோழை என்று சிரித்த அத்தனை காலைகளிலும் நானும் சேர்ந்து சிரித்தேன். என் சிரிப்புதான் எல்லாவற்றையும்விடச் சத்தமாக இருந்தது.

டயாலிசிஸ் ஐந்து முறை நடந்தது. பன்னிரண்டாம் நாள் பையில் சிறுநீர் மஞ்சளாக ஏறத் தொடங்கியது. செல்வி தாதியைக் கூப்பிட ஓடினாள். திரும்பி வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் ஏதோ ஜோக் சொல்லப் பார்த்தேன். முதல் தடவையாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இதே வழியில் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு: ஓட்டமும் எடையும் சேரலாம், கெடுதல் இல்லை. நடுவில் ஓய்வும் சோறும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். விரத காலத்தில் நடைப்பயிற்சி போதும். வலியோடு சிறுநீர் கறுத்தால் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். வலி மாத்திரையைத் தொடாதீர்கள். உங்கள் கேப்டன் சாக்கு என்றால், சொல்லிவிட்டுப் போகட்டும்.

வீடு வந்தபின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். புதிதாகச் சேர்ந்த ஒரு சர்க்கரை நோயாளிக்குத் தொண்ணூறு பர்பி விதித்திருந்தார்கள். நான் நீளமாக எழுதினேன். கெட்ட வார்த்தைகளும் இருந்தன. கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. வெளியேறிவிட்டேன். அந்த மனிதரை மட்டும் தனியாக அழைத்துப் பேசினேன். அவரும் வெளியேறினார்.

முன்பெல்லாம் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்பதுதான் எனக்கு நேரம். இப்போது ஒரு ரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்தது வரை ஒரு காலம். காலையில் கண்ணாடியில் முகம் பார்ப்பதற்கு முன் கழிப்பறையில் நிறம் பார்க்கிறேன். ஐந்து கிலோ அரிசிப் பையோடு மாடி ஏறி, நடுப்படியில் நின்று, தோளிடம் அனுமதி கேட்கிறேன். உடம்பு என்னுடையது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதற்கும் தனியாக ஒரு விருப்பம் இருந்திருக்கிறது. நான்தான் கேட்டதில்லை.

போன வாரம் டாக்டர் அறிக்கையைப் புரட்டினார். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறக்குறைய சரியாகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்ப பழையபடி ஆயிருவேனா டாக்டர்?"

அவர் அடுத்த கோப்பை எடுத்தபடியே சொன்னார்:

"ஆகாதீங்க."